யாத்திரைப் பாதையும் ஊர்ப்பாதைகளும்

பிரான்சில் நெடுந்தொலைவு நடப்பவர்களிடையே ஒரு வாக்கியம் புழங்குகிறது. "ஆயிரம் ஆண்டுகளாக மனிதர்கள் நடந்த அதே பாதையில் நாமும் நடக்கிறோம்" என்பது அது. லு புய்-ஆன்-வலே நகரில் தொடங்கி, ஸ்பெயினின் கொம்போஸ்தெலா யாத்திரைத் தலத்துக்காக அந்நாட்டு எல்லையை நோக்கிச் செல்லும் ஜி.ஆர். 65 (ஜி.ஆர். என்பது நெடுநடைப் பாதைகளுக்கான பிரெஞ்சுச் சுருக்கம்) பாதையில் இதைக் கேட்காமல் ஒரு நாளைக் கழிப்பது கடினம். சுற்றுலா அலுவலகத்தின் துண்டறிக்கையில் இது அச்சாகியிருக்கும். விடுதிச் சுவரில் எழுதப்பட்டிருக்கும். இரவு உணவின்போது எதிரே அமர்ந்திருப்பவர் சூப்பை ஊற்றிக்கொண்டே சொல்வார். சொல்பவரின் முகத்தில் தெரியும் நிறைவைப் பார்த்தால் மறுத்துப் பேச மனம் வராது. ஆனாலும் அந்த வாக்கியத்தை என்னால் முழுமையாக ஏற்றுக்கொள்ள முடிந்ததில்லை. அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, அதைவிடச் சுவையான வேறொரு வரலாற்றை மறைத்துக்கொண்டிருக்கிறது என்று எனக்குப் பட்டுக்கொண்டே இருந்தது.

லு புய் ஆயராக இருந்த கோதெஸ்கால்க், 950-951ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் இயேசுவின் சீடரான சந்தியாகப்பரின் (யாகப்பரின்) கல்லறையைத் தரிசிக்கக் கொம்போஸ்தெலாவுக்குப் பயணம் செய்தார் என்பதற்குக் கைப்பிரதிச் சான்று உள்ளது. வழியில் ஆல்பெல்தா மடத்தில் அவருக்காக ஒரு நூலைப் படியெடுத்துக் கொடுத்த துறவி, அதன் முன்னுரையில் இச்செய்தியைக் குறித்து வைத்திருக்கிறார். ஆனால் எந்தெந்த ஊர்களைக் கடந்து ஆயர் அங்கு வந்து சேர்ந்தார் என்று அவர் வரிசைப்படுத்தவில்லை. 12ஆம் நூற்றாண்டில் லத்தீனில் எழுதப்பட்ட யாத்திரை வழிகாட்டி ஒன்று, பிரான்சிலிருந்து செல்லும் நான்கு சாலைகளைச் சொல்லி, அவை ஸ்பெயினின் புவெந்தெ லா ரெய்னாவில் ஒன்றுசேர்கின்றன என்கிறது. லு புய் சாலையைப் பற்றி அது கூறும்போது மூன்று தலங்களின் பெயர்களை மட்டுமே தருகிறது: லு புய் மாதா கோயில், கோன்க்கின் புனித ஃபுவா மடம், முவாசாக்கின் புனித பேதுரு மடம். இவற்றுக்கு இடையே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மலையும் ஆறும் பீடபூமியும் கிடக்கின்றன. அந்த இடைவெளியை யாத்திரிகர்கள் எப்படிக் கடந்தார்கள் என்பதை மருத்துவச் சத்திரங்களும் பாலங்களும் சிற்றாலயங்களும் அங்கங்கே குறிப்பால் உணர்த்துகின்றன; தொடர்ச்சியான ஒற்றைத் தடத்தை எவரும் நமக்கு விட்டுச் செல்லவில்லை.

அந்தத் தடத்தை வரைந்தவர்கள் நம் காலத்தவர்கள். பிரான்சில் நெடுநடைப் பாதைகளுக்கான தேசியக் குழு 1947இல் அமைந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர் ழான் லுவாசோ. அதே ஆண்டில் லுவார் ஆற்றங்கரையில், ஓர்லியோனுக்கும் போழான்சிக்கும் இடையே வெள்ளை-சிவப்புக் குறியீடுகள் முதன்முதலாகத் தீட்டப்பட்டன. ஜி.ஆர். 65இன் முதல் பகுதி 1970களின் தொடக்கத்தில்தான் உருவாயிற்று. நிலவரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதை வகுத்தவர்களுக்கு முதல் கவலை, நடப்பவர்களைத் தார்ச்சாலையிலிருந்து விலக்கி வைப்பதுதான். இங்கே ஒரு தலைகீழ் மாற்றம் நடந்திருக்கிறது. இடைக்கால யாத்திரிகர் பாலம், சத்திரம், ஆள் நடமாட்டம் ஆகியவை உள்ள நல்ல சாலையைத் தேடிப் போனார். கள்வருக்கும் ஓநாய்க்கும் அஞ்சியவர் ஏன் காட்டுக்குள் நுழையப் போகிறார்? அவர் விரும்பிய சாலைகள் பெரும்பாலும் இன்று லாரிகள் ஓடும் சாலைகளின் அடியில்தான் கிடக்க வேண்டும். இன்றைய நடைப்பயணியோ ஆளரவமற்ற தடத்தை விரும்புகிறார். ஆகவே மேற்கண்ட வாக்கியம் உண்மையானால், நாம் நடக்க வேண்டிய இடம் மாவட்ட நெடுஞ்சாலையின் ஓரம்.

யுனெஸ்கோ 1998இல் பிரான்சின் கொம்போஸ்தெலா பாதைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, 71 கட்டடச் சின்னங்களோடு, 7 பாதைத் துண்டுகளை மட்டுமே சேர்த்தது. ஏழும் லு புய் பாதையில் உள்ளவை. எல்லாவற்றையும் சேர்த்தால் ஏறத்தாழ 160 கிலோமீட்டர் வரும். பிரான்சுக்குள் இந்தப் பாதையின் மொத்த நீளம் 700 கிலோமீட்டருக்கு மேல் என்பதை நினைத்தால், பட்டியலில் இடம்பெறாத பகுதியே மிகுதி. வழியோரப் பலகைகள் இதையெல்லாம் விளக்குவதில்லை. யுனெஸ்கோ சின்னம் ஒரு துண்டில் தொடங்கினால், பார்ப்பவர் மனத்தில் அது பாதை முழுவதற்கும் படர்ந்துவிடுகிறது.

ஒப்ராக் பீடபூமி

நாஸ்பினாலிலிருந்து சேன்-ஷெலி-தொப்ராக் வரையிலான 17 கிலோமீட்டர், அந்த ஏழு துண்டுகளில் ஒன்று. கடல் மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்கும் மேல் வரை உயரும் புல்வெளி, எரிமலைக் கல் மேடுகள், மரங்கள் அரிது. பனிமூட்டம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. 12ஆம் நூற்றாண்டில் இங்கு யாத்திரிகர்களுக்காக எழுந்த சத்திரமும் மடமும் பிரெஞ்சுப் புரட்சி வரை இயங்கின. மூடுபனியிலும் பனிப்பொழிவிலும் அதன் மணி ஒலித்துக்கொண்டே இருக்குமாம்; "வழி தவறியவர்களைத் திரும்ப அழை" என்ற பொருள்படும் லத்தீன் சொற்கள் அந்த மணியில் பொறிக்கப்பட்டிருந்தன. யாத்திரையின் பெயரால் சொல்லப்படும் பெருமைக்கு இங்கே உறுதியான அடித்தளம் இருக்கிறது. இதை நான் மறுக்கவில்லை.

ஆனால் காலுக்குக் கீழே இருப்பது வேறு. நாஸ்பினாலைத் தாண்டியதும் புல்வெளியில் ஏறும் தடம், இருபுறமும் கற்சுவர்களுக்கு இடையே அகன்று கிடக்கிறது. ஒரு மனிதன் நடப்பதற்கு இவ்வளவு அகலம் எதற்கு? அது மந்தைகளுக்கான வழி. ஒவ்வொரு மே மாத இறுதியிலும், புனித உர்பான் திருநாளை ஒட்டி, கண்ணில் மை தீட்டியது போன்ற செம்பழுப்பு நிற ஒப்ராக் பசுக்கள் பள்ளத்தாக்குகளிலிருந்து மேலேறி வந்து, இலையுதிர் காலம் வரை இங்கேயே மேயும். முன்பெல்லாம் பாற்கட்டி செய்பவர்கள் கோடை முழுவதும் கற்குடில்களில் தங்கியிருந்தார்கள். நடைப்பயணிகள் இரவில் ஆவலோடு சாப்பிடும் அலிகோவும் அந்தக் குடில்களோடு சேர்ந்த உணவு. புதுப் பாற்கட்டியை உருளைக்கிழங்கு மசியலில் போட்டு, கரண்டியைத் தூக்கினால் ஒரு முழம் நீளும் வரை கிண்டுவார்கள். உருளைக்கிழங்கு வருவதற்கு முன்னால் ரொட்டியைப் போட்டுத்தான் கிண்டினார்களாம். மேய்ச்சல் நிலத்தின் வாயிலில் முள்கம்பிகளைப் பிடித்து நிறுத்தும் ஒரு கம்பு இருக்கும். அதன் தலையை ஒரு கம்பி வளையத்திலிருந்து விடுவித்து உள்ளே போய், தோளால் கம்பை நெருக்கி வளையத்தை மீண்டும் மாட்ட வேண்டும். இதைச் சரியாக மாட்டத் தெரியாத நடைப்பயணிகள் மீது விவசாயிகளுக்கு வரும் கோபம் நியாயமானது. யாத்திரை வரலாற்றை வகுப்பெடுக்கும் பலர் இந்த வளையத்தை மாட்டாமலேயே போய்விடுகிறார்கள்.

வெள்ளை மேலே, சிவப்பு கீழே

இந்தக் கேள்வி எனக்குள் தெளிவான உருப்பெற்றது ஒப்ராக்கில் அல்ல. அங்கிருந்து பல நாள் நடைக்கு அப்பால், கேர்சியின் சுண்ணாம்புக்கல் பீடபூமியில். கஜார்க்கில் லோ ஆற்றைக் கடந்து மேலேறினால் நிலம் முற்றிலும் மாறிவிடும். குட்டையான ஓக் மரங்கள், சூனிப்புதர் (ஜூனிபர்), மழைநீரை உடனே உறிஞ்சிக்கொள்ளும் வெளிறிய பாறை. பாதையின் இருபுறமும் இடுப்பளவு உயரத்துக்குச் சாந்து பூசாமல் அடுக்கிய கற்சுவர்கள். இடையே ஒரு மாட்டுவண்டி போகும் அகலம். கொங்கு நாட்டில் இட்டேரி என்போமே, அதன் கல்லாலான உறவுக்காரி. சுவர்களின் நிழற்பக்கத்தில் பாசி அடர்ந்திருக்கும். மேய்ப்பர்கள் ஒதுங்குவதற்கான வட்டக் கற்குடில்கள் சுவரோடு சேர்த்தே கட்டப்பட்டிருக்கும். இந்தக் கற்கள் எல்லாம் வயலிலிருந்து பொறுக்கியவை. உழ வேண்டுமானால் முதலில் கல்லை எங்காவது கொண்டுபோய்ப் போட வேண்டும் என்பதால் உண்டானவை.

லிமோஞ்-ஆன்-கேர்சியைக் கடந்த பிறகு, ஓர் ஓக் மரத்தின் முன்னால் முழங்காலிட்டு, வயதான ஒருவர் கம்பித் தூரிகையால் பட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அருகில் இரண்டு சிறிய வண்ணக் குப்பிகள், துணி, நெகிழித் தகட்டில் வெட்டிய அச்சு. பாசியும் உதிர்பட்டையும் போன பின் அச்சை வைத்து, மேலே வெள்ளை, கீழே சிவப்பு என இரண்டு பட்டைகளைத் தீட்டினார். ஒவ்வொன்றும் 10 சென்டிமீட்டர் நீளம், 2 சென்டிமீட்டர் அகலம்; நடுவே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. நடைப்பயணக் கூட்டமைப்பின் விதி அது. (இந்தப் பட்டைகள் அக்கூட்டமைப்பின் பதிவு செய்யப்பட்ட வணிகக் குறி என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.) நாடெங்கும் பல ஆயிரம் தன்னார்வலர்கள், ஆளுக்குச் சில கிலோமீட்டர் என்று பிரித்துக்கொண்டு இந்த வேலையைச் செய்கிறார்கள். இவர் ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர். பழைய வழக்கப்படி தம் ஊர் மேரியில் (ஊராட்சி அலுவலகத்தில்) செயலராகவும் நெடுங்காலம் இருந்தவர். ஊரின் நில ஆவணங்கள் அவருக்கு மனப்பாடம்.

யாத்திரிகர்கள் இந்த வழியாகத்தான் போனார்களா என்று கேட்டேன். "போயிருக்கலாம் முசியே. ஆனால் இது பக்கத்துக் குக்கிராமத்துக்காரர்கள் துணி துவைக்கப் போன வழி" என்று சொல்லி, பாதையின் கீழ்ப்புறத்தைக் கையால் காட்டினார். குளக்கரையில், வண்ணத்துப்பூச்சியின் சிறகுகளைப் போல இரண்டிரண்டாகச் சாய்த்து நிறுத்திய கற்பலகைகள் இருந்தன. கேர்சிக்கே உரிய துவைக்கும் துறை. பிறகு, கேட்காமலே இன்னொன்றைச் சொன்னார். சில பத்தாண்டுகளுக்கு முன் அருகிலுள்ள ஒரு நிலவுடைமையாளர் இந்தச் சுவரைப் பிரித்துக் கம்பிவேலி போட முயன்றாராம். குழாய்நீர் வந்து துவைக்கும் துறை கைவிடப்பட்ட பின், யாரும் நடக்காத வழிதானே என்பது அவர் வாதம். "எங்களிடம் ஓலைச்சுவடி எதுவும் இல்லை. ஆயரையும் யாகப்பரையும் காட்டி வழக்காட முடியாது. மக்கள் நடக்கிறார்கள் என்பதைக் காட்டினோம். உங்களைப் போன்றவர்கள் நடந்ததுதான் ஆவணம்." அவர் சொன்னதில் பெருமிதம் இல்லை, ஒரு மேரிச் செயலரின் அலுவல் குரல்தான் இருந்தது.

வீடு திரும்பியதும் சட்டத்தைத் தேடிப் படித்தேன். பிரான்சின் ஊர்ப்பாதைகள் கொம்யூனுக்கு, அதாவது ஊராட்சிக்கு, சொந்தமானவை. பொதுமக்கள் பயன்பாட்டுக்கு உரியவை. ஆனால் சாலைகளாக வகைப்படுத்தப்படாதவை. 1959இல் வந்த சீர்திருத்தம், வகைப்படுத்தப்படாத இந்தப் பாதைகளைக் கொம்யூனின் தனிச் சொத்தாக வைத்தது. சாலையை ஆக்கிரமித்து எவரும் உரிமை கோர முடியாது. ஊர்ப்பாதையை முப்பது ஆண்டுகள் அனுபவித்தவரோ உரிமை கோரலாம். மக்கள் பயன்பாடு நின்றுவிட்டால், பொது விசாரணை ஒன்றை நடத்திவிட்டு, கொம்யூனே அதை விற்கவும் செய்யலாம். இதற்கு நேர் எதிரே இன்னொரு விதி நிற்கிறது: ஒரு பாதை நடைவழியாகப் பயன்படுகிறது என்பதே, அது பொதுப் பயன்பாட்டுக்கு உரியது என்று கருதப் போதுமானது. பழமை அதற்குத் தேவையில்லை. 1983க்குப் பின் மாவட்டங்கள் தயாரித்த நடைப்பாதைத் திட்டப் பட்டியலில் ஒரு வழி சேர்ந்துவிட்டால், மாற்றுவழி தராமல் அதை விற்கவும் முடியாது.

அதாவது, அந்த யாத்திரைக் கதை வரலாறாக எவ்வளவு தளர்ந்திருந்தாலும், சட்டத்தின் கண்ணில் வேலை செய்திருக்கிறது. கதை ஆட்களைக் கூட்டி வந்தது, ஆட்கள் நடந்தார்கள், நடந்ததால் துவைக்கும் துறைக்கான வழி பிழைத்தது. இத்தோடு நிறுத்தியிருந்தால் நானும் அந்த இரவுணவு மேசை வாக்கியத்தோடு சமாதானமாகியிருப்பேன்.

வலையும் நூலும்

நெப்போலியன் காலத்தில், 1807ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொடங்கிய நில அளவை வரைபடங்களை மாவட்ட ஆவணக் காப்பகங்கள் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கின்றன. நீர்வண்ணம் பூசிய அந்தத் தாள்களை இன்றைய வரைபடத்துக்கு அருகே திறந்து வைத்துப் பார்ப்பது எனக்கு மாலைநேரப் பழக்கமாகிவிட்டது. கேர்சியின் ஏதேனும் ஒரு கொம்யூனை எடுத்துக்கொண்டால், வழிகள் இலை நரம்புகளாய்ப் பின்னிக் கிடக்கும். ஆலைக்குப் போகும் வழி, ஊற்றுக்குப் போகும் வழி, அடுத்த ஊர்ச் சந்தைக்குப் போகும் வழி, கல்லறைக்குப் போகும் வழி என்று, போய்ச் சேரும் இடத்தைக் கொண்டே பெரும்பாலானவற்றுக்குப் பெயர். இவை யாவும் ஒருவர் நாள்தோறும் நாலு முறை நடந்தவை. கேர்சிப் பகுதியைச் சேர்ந்த லோ மாவட்டத்தின் மக்கள்தொகை 1851இல் மூன்று லட்சத்தை நெருங்கியிருந்தது. திராட்சைக் கொடிகளை ஃபிலொக்செரா என்னும் பூச்சி தின்று தீர்த்தது. இளைஞர்கள் நகரங்களுக்குப் போனார்கள். எஞ்சியவர்களில் பலரை 1914-18 போர் கொண்டுபோயிற்று. இன்று அங்கு வாழ்பவர்கள் ஒன்றே முக்கால் லட்சத்தை ஒட்டியவர்கள். நடக்க ஆளில்லாத வழிகளில் சூனிப்புதர் முளைத்தது. சமவெளிப் பகுதிகளில், போருக்குப் பின் நடந்த நில ஒருங்கிணைப்பின்போது, டிராக்டர் திரும்புவதற்காகச் சுவர்களும் வேலிகளும் வழிகளும் சேர்த்தே உழப்பட்டன.

இப்போது அதே கொம்யூனின் இன்றைய வரைபடத்தில் ஒரே ஒரு சிவப்புக் கோடு தடித்து ஓடுகிறது. அதில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் நடக்கிறார்கள். விடுதி, மளிகைக்கடை, பை சுமக்கும் வேன் எல்லாம் அந்தக் கோட்டின்மீதே குவிந்திருக்கின்றன. முந்நூறு மீட்டர் தள்ளி, அதைப் போலவே கற்சுவர் கொண்ட, அதைப் போலவே வயதான வழி ஒன்று, கறுப்புப் புள்ளிக்கோடாகத் தொடங்கிப் பாதியில் நின்றுவிடுகிறது. கிராமப்புறத்தின் வரலாறு என்று ஒன்று இருந்தால், அது அந்த வலையில்தான் இருந்தது. தொலைதூரப் புண்ணியத்தலம் ஒன்றை நோக்கி ஓடும் நேர்கோட்டில் அது ஒருபோதும் இருந்ததில்லை. யாத்திரைக் கதை அந்த வலையிலிருந்து ஒரு நூலை உருவி எடுத்துப் பளபளப்பாக்கியது. மீதி இற்றுப்போவதை யாரும் கவனிக்கவில்லை. ஒரு நூலைக் காப்பாற்றியதற்காக அதற்கு நன்றி சொல்ல வேண்டுமா, கவனத்தை எல்லாம் தன்பக்கம் இழுத்துக்கொண்டதற்காகக் கோபப்பட வேண்டுமா என்பதுதான் எனக்குள் தீராமல் இருக்கும் வழக்கு. நாளுக்கு நாள் கோபத்தின் பக்கமே சாய்கிறேன். ஏனெனில், கோன்க்கின் வாயில்மேல் இறுதித் தீர்ப்பு நாளைக் காட்டும் 124 கல்லுருவங்களை யாரும் மறக்கப் போவதில்லை. அவற்றுக்குக் காவலும் நிதியும் உண்டு. ஊற்றுக்குப் போன வழிக்கு எதுவும் இல்லை.

2022 பிப்ரவரியில் வந்த சட்டம் ஒன்று கொம்யூன்களுக்கு ஓர் ஆயுதத்தைத் தந்திருக்கிறது: தம் ஊர்ப்பாதைகளைக் கணக்கெடுக்க மன்றம் தீர்மானம் போட்டால், கணக்கெடுப்பு நடக்கும் காலத்தில், அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள், முப்பதாண்டுக் கடிகாரம் நின்றுவிடும். நூறு பேர் வாழும் கொம்யூனில் பகுதிநேரச் செயலர் ஒருவரை வைத்துக்கொண்டு இதைச் செய்வது எளிதன்று. வேலி போட்டவரே மன்ற உறுப்பினராகவும் இருக்கும் ஊர்களும் உண்டு என்று அந்த ஆசிரியர் சொன்னார். எதிர்த்திசையில், 2023 பிப்ரவரிச் சட்டம், தனியார் நிலம் என்று தெளிவாகக் குறித்த காட்டிலோ வயற்புறத்திலோ அனுமதியின்றி நுழைவதைத் தண்டனைக்குரிய மீறலாக்கியது. வேட்டைக்காகக் காடுகளைச் சுற்றி உயர்ந்த கம்பிவேலிகள் எழுவதைத் தடுக்கத்தான் அந்தச் சட்டம் வந்தது. வேலியை இறக்கச் சொன்னதற்கு ஈடாக இந்தத் தண்டனை உள்ளே நுழைந்தது. ஊர்ப்பாதை எங்கே முடிகிறது, தனியார் நிலம் எங்கே தொடங்குகிறது என்பது தெரியாமல் நடப்பது இப்போது முன்பைவிடச் செலவு பிடிக்கும் காரியம்.

எனவே, இந்தப் பகுதிக்கு வர எண்ணுபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால், லு புய்யிலிருந்து கோன்க் வரை கூட்டத்தோடு கூட்டமாக ஓட வேண்டாம். லிமோஞ், லால்பென்க் போன்ற ஓர் ஊரில் அறை எடுத்துத் தங்கி, மஞ்சள் குறியிட்ட சிறு வட்டப்பாதைகளை நடங்கள். அவற்றைப் பராமரிப்பவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தாம். 1:25,000 அளவுள்ள அரசு வரைபடத்தையும், பழைய நில அளவைத் தாளின் படமொன்றையும் கைப்பேசியில் வைத்துக்கொண்டால், குறியே இல்லாத வழிகளிலும் துணிந்து போகலாம். ஐயம் வந்தால் மேரி திறந்திருக்கும் காலை வேளையில் கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்கள். இலையுதிர் காலத்தில் வந்தால் வேட்டைக்காரர்கள் இருப்பார்கள், ஆரஞ்சு நிற மேலாடை அணிய வேண்டும். கோடையில் அந்தப் பீடபூமியில் ஓடும் நீர் எதுவும் கிடையாது. ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் பூச்செடிகளுக்காகக் குழாய் வைத்திருப்பார்கள், குடிக்கத் தகாத நீர் என்ற பலகை இல்லாவிட்டால் அங்கே நிரப்பிக்கொள்ளலாம்.